தளர்நடைக் குழந்தையும் 14 மணி நேர விமானமும்

என் மகளுக்கு 17 மாதம் ஆகியிருந்தபோது, இடையில் எங்கும் இறங்காமல் 14 மணி நேரம் பறக்கும் விமானம் ஒன்றில் அவளை முதன்முதலாக அழைத்துச் சென்றோம். விமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு, அவள் பிறப்பதற்கு முன்பு நான் பின்பற்றிய அதே முறையைத்தான் அப்போதும் பின்பற்றினேன். எந்த நிறுவனம் விருதுகள் வாங்கியிருக்கிறது, உணவு எப்படி இருக்கும், இருக்கையின் முன்னுள்ள திரை எவ்வளவு பெரியது என்றெல்லாம் படித்துப் பார்த்து, நல்ல பெயருள்ள ஒரு நிறுவனத்தில் பயணச்சீட்டு எடுத்தேன். குழந்தைக்கான தொட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, அது உறுதி செய்யப்பட்டதும் நிம்மதியடைந்தேன். விமானம் மேலெழுந்து சீரான பின் பணிப்பெண் தொட்டிலைக் கொண்டுவந்து எதிரிலிருந்த சுவரில் பொருத்தினார். மகளை அதில் கிடத்தியபோது தலை ஒரு முனையில் முட்டியது, பாதங்கள் மறுமுனைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எடை வரம்புக்குள்தான் அவள் இருந்தாள். உயரத்தைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கால்களை மடக்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒருவழியாகத் தூங்க வைத்த அரை மணி நேரத்தில், சீட் பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அன்றிரவு அந்த விளக்கு ஐந்து முறை எரிந்தது, ஐந்து முறையும் அவள் விழித்தாள். விருது வாங்கிய உணவு என்ன சுவையாக இருந்தது என்பது எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

அந்தப் பயணத்திற்குப் பின்புதான் தொட்டிலின் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. நான் பார்த்தபோது எமிரேட்ஸில் 11 கிலோ என்றும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 14 கிலோ என்றும் இருந்தது. எமிரேட்ஸ் எடையோடு நிறுத்தாமல், குழந்தையின் நீளம் 75 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது என்றும் குறிப்பிட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையின்படி, நடுத்தர அளவுள்ள ஒரு பெண் குழந்தை 12 மாதத்திலேயே 74 சென்டிமீட்டரை எட்டிவிடுகிறது. 18 மாதத்தில் நீளம் 81 சென்டிமீட்டரை நெருங்கினாலும், எடை 10 கிலோவைச் சற்றே தாண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே எடையை மட்டும் பார்த்தால் ஒன்றரை வயதுவரை தொட்டில் போதும் என்று தோன்றும், ஆனால் நீளத்தைப் பார்த்தால் முதல் பிறந்தநாளோடு அதன் காலம் முடிந்துவிடுகிறது. ஆறு மாதக் குழந்தையுடன் பயணம் செய்தவர்கள் தொட்டிலைப் புகழ்வதில் தவறில்லை. நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தையின் பெற்றோர் அந்தப் புகழ்ச்சியை நம்பி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொட்டிலுக்காகக் கிடைக்கும் அந்த முதல் வரிசைக்கும் ஒரு விலை இருக்கிறது. எதிரே இருக்கை இல்லாததால் உணவு வைக்கும் மேசையும் பல விமானங்களில் திரையும் கைப்பிடிக்குள்ளேயே மடிந்திருக்கும். அதனால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. தொட்டிலில் அடங்காத குழந்தையை இரண்டு இருக்கைகளின் குறுக்கே படுக்க வைக்கலாம் என்றால், நடுவில் அந்தக் கைப்பிடி மதில்போல நிற்கும். முன் இருக்கைக்கு அடியில் பை வைக்கும் வசதியும் இல்லாததால், டயப்பர் முதல் மாற்றுடை வரை எல்லாமே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் போய்விடும். கால்பக்கம் தரை அகலமாக இருக்கிறதே, அங்கே ஒரு துணியை விரித்துப் படுக்க வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. விமானம் திடீரெனக் குலுங்கினால் தரையில் கிடக்கும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, உயிர்வளி முகமூடியும் அங்கே எட்டாது. ஆகையால் பணியாளர்கள் அதை அனுமதிப்பதில்லை, அனுமதிக்காதது சரியே.

எனவே ஒன்றரை வயதுக் குழந்தையின் பெற்றோர் ஒரு நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, குழந்தை எங்கே படுக்கும் என்பதுதான். மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குப் பிறகு வரிசையில் நிற்கலாம்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பன்னாட்டுப் பயணங்களில் பெரியவருக்கான கட்டணத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் செலுத்தி மடியில் வைத்துக்கொள்ளலாம். பத்து மடங்கு மலிவான ஒன்றை யாரும் எளிதில் மறுப்பதில்லை, நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் இதில் பாதுகாப்பு பற்றிய ஒரு பழைய விவாதம் இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் 232 ஆம் எண் விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் அவசரமாகத் தரையிறங்கியபோது, அதில் தனி இருக்கை இல்லாத குழந்தைகள் நால்வர் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் அதன்பின் பல ஆண்டுகள், எல்லாக் குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமோ, அதைப் பரிந்துரைப்பதோடு நின்றுகொண்டது. கட்டணத்துக்கு அஞ்சிக் குடும்பங்கள் விமானத்தைவிட ஆபத்தான சாலைப் பயணத்துக்கு மாறிவிடும் என்பது அது சொன்ன காரணம். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆயினும் குலுங்கும் விமானத்தில் 10 கிலோ எடையைக் கைகளால் மட்டும் இறுக்கிப் பிடித்திருந்த அந்த இரவுக்குப் பின், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மடியில் வைத்திருக்கும் குழந்தையைக் கட்டும் முறையும் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோல இல்லை. ஐரோப்பிய நிறுவனங்களில் பெற்றோரின் சீட் பெல்ட்டில் கோர்க்கும் ஒரு சிறு வளையப் பட்டையைக் குழந்தைக்குத் தருவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் அத்தகைய பட்டைக்கு அனுமதி இல்லை, கையால் அணைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே பொருளைப் பற்றி இரு கண்டங்கள் இப்படி நேர் எதிராக முடிவெடுத்திருப்பது, மடிப் பயணம் என்பதே ஒரு சமரசம் என்பதைக் காட்டுகிறது.

தனி இருக்கை வாங்கிவிட்டால், அதில் குழந்தையை எப்படி உட்கார வைப்பது என்ற அடுத்த கேள்வி எழும். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்ற முத்திரையுள்ள கார் சீட்டைக் கொண்டுபோகலாம். ஆனால் அதை வைப்பதற்குப் பெரும்பாலும் சன்னலோர இருக்கையைத்தான் தருவார்கள், வேறு எவரும் வெளியேறும் வழியை அது மறிக்கக்கூடாது என்பதால். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தெம்பு இல்லாதவர்களுக்கு, கேர்ஸ் என்ற பெயரில் அரைக் கிலோ எடைகூட இல்லாத, குழந்தையின் தோள்களில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை ஒன்று இருக்கிறது. இருக்கையின் முதுகுப்புறத்தைச் சுற்றிக் கட்டி, விமானத்தின் பெல்ட்டோடு சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். 10 முதல் 20 கிலோ எடையும், 100 சென்டிமீட்டருக்கு மிகாத உயரமும் உள்ள குழந்தைகளுக்கானது அது. அமெரிக்க ஆணையம் 2006 இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை என்பதால், ஏற்பதாக நிறுவனம் எழுதிய மின்னஞ்சலை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது. தொலைபேசியில் ஒருவர் ‘ஆம்’ என்று சொன்னார் என்பதை விமான வாசலில் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இருக்கைக்கும் முன்வரிசைக்கும் நடுவே வைத்து மெத்தைபோல நீட்டும் பெட்டிகளுக்கும், காற்றடைத்த கால்தாங்கிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு நிறுவனம் அனுமதிப்பதை இன்னொன்று திட்டவட்டமாகத் தடுக்கிறது.

இங்கே நிறுவனத்தின் பெயரைவிட விமானத்தின் வகை முக்கியமாகிறது. பெற்றோர் இருவரும் ஒரு குழந்தையும் என்றால், எகானமி வகுப்பில் இரண்டு நடைபாதைகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் மும்மூன்றாக, 3-3-3 என்று இருக்கைகள் அமைந்த போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவை கைக்கு அடக்கமானவை. மூன்று இருக்கைகளும் நம்முடையவை என்பதால் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டுக் குழந்தையைக் குறுக்கே கிடத்தலாம், அந்நியர் எவரையும் தாண்டிக் கழிவறைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பெற்றோரும் ஒரு குழந்தையும் மட்டும் போவதானால் 2-4-2 அமைப்புள்ள ஏர்பஸ் ஏ330 விமானத்தின் ஓரத்து இரட்டை இருக்கையைப் போன்ற வசதி வேறில்லை. இன்று பெரும்பாலான போயிங் 777 விமானங்களில் 3-4-3 என்ற அமைப்புதான், அதில் இருக்கையின் அகலமும் குறைவு. குழந்தை நம் மீதே பாதி படுத்திருக்கும்போது ஓர் அங்குலம் என்பது சிறிய அளவல்ல.

787, ஏ350 இரண்டுக்கும் இன்னொரு நன்மையும் உண்டு. அவற்றின் உடற்பகுதி பெரும்பாலும் கலப்பு இழைப் பொருளால் ஆனதால், உள்ளே காற்றழுத்தத்தைக் கூடுதலாக வைத்திருக்க முடிகிறது. பழைய வகை விமானங்களில் உள்ளழுத்தம் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு இணையாகக் குறையக்கூடும் என்றால், இவற்றில் அது 6,000 அடி அளவிலேயே நிற்கிறது, காற்றின் ஈரப்பதமும் சற்று அதிகம். விமானம் இறங்கும்போது காது அடைத்து அழுவது முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. எதில் போனாலும், இறங்கத் தொடங்கும்போது குழந்தையை எழுப்பி எதையாவது விழுங்க வைப்பதுதான் காதுக்குக் கைகண்ட வழி. தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராமல் விட்டுவிட்டு, பிறகு அதற்காக வருந்தியிருக்கிறேன்.

மூன்று இருக்கைகளைப் படுக்கையாக மாற்றும் ஏற்பாட்டையே விற்கும் நிறுவனங்களும் சில உண்டு. ஏர் நியூசிலாந்து 2011 முதல் ஸ்கைகவுச் என்ற பெயரில், கால்தாங்கிகள் இருக்கை மட்டத்துக்கு உயர்ந்து மூன்று இருக்கைகளும் ஒரு திண்ணையாக மாறும் வரிசைகளை வைத்திருக்கிறது. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் தன் ஏ380 விமானங்களில் இதுபோன்ற ஒன்றை வைத்திருக்கிறது. நாம் போகும் வழியில் இவை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோரின் வழியில் இருப்பதில்லை.

பயணச்சீட்டில் உள்ள பெயரும் நம்மைச் சுமந்து செல்லும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். கோட்ஷேர் ஏற்பாட்டில் ஒரு நிறுவனம் தன் எண்ணில் சீட்டை விற்கும், பறப்பது மற்றொரு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். தொட்டில், குழந்தை உணவு, கேர்ஸ் பட்டைக்கான அனுமதி, ஸ்ட்ரோலர் எனும் குழந்தைத் தள்ளுவண்டிக்கான விதி ஆகிய எல்லாவற்றிலும் பறக்கும் நிறுவனத்தின் சொல்லே செல்லும். குழந்தைக்காக நாம் விற்பவரிடம் வைத்த கோரிக்கை பறப்பவரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாமேதான் அழைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதே, குறித்த விமான வகை மாறவில்லையா என்பதையும் கேட்டுவிடலாம். வகை மாறினால், கவனமாகத் தேர்ந்தெடுத்த இருக்கை எண்கள் எங்கோ சிதறிப்போயிருக்கும்.

நேராகப் பறப்பதா, நடுவில் இறங்கி மாறுவதா என்பதில் என் கணவருக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. ஏறினால் இறங்குவது ஒரே முறையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் மகளின் பொறுமை ஒன்பதாவது மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதை நான் மடியில் வைத்து அளந்திருக்கிறேன், ஆகவே பயணம் 12 மணி நேரத்தைத் தாண்டினால் நடுவில் ஒரு முறை இறங்கி அவளை ஓடவிடுவதையே விரும்புகிறேன். 2018 இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் நிறுவனம் தொடங்கிய பெர்த்–லண்டன் சேவை ஏறத்தாழ 17 மணி நேரம் பறக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. இந்த நீளங்களெல்லாம் வேலையாகப் போகும் பெரியவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாறிச் செல்வதானால், இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துடையது. தனித்தனியாக மலிவாக வாங்கியிருந்தால், அழும் குழந்தையுடன் புதிய சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியது நாம். அடுத்த விமானத்துக்கான குறைந்தபட்ச இடைவெளி என்று நிறுவனங்கள் ஏற்கும் நேரத்துக்குள் ஒரு பெரியவர் விரைந்து நடந்து போய்விடலாம். கழிவறை, டயப்பர், திடீரென உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கும் குழந்தை ஆகியவை அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மூன்று மணி நேரம் நல்ல இடைவெளி. விளையாட்டுத் திடல்கள் உள்ள சிங்கப்பூர் சாங்கி போன்ற நிலையமாக இருந்தால் நான்கு மணி நேரமும் தாராளமாகப் போகும்.

ஸ்ட்ரோலரை விமான வாசல்வரை தள்ளிச் செல்ல ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் விடுகின்றன. அதை எங்கே திருப்பித் தருவார்கள் என்பதுதான் வேறுபடுகிறது. சிலர் மாறும் நிலையத்திலேயே வாசலில் தருகிறார்கள், சிலர் கடைசி ஊரில் பெட்டிகளோடு தருகிறார்கள். எங்கள் முதல் பயணத்தில் இடை நிறுத்தம் இல்லாததால் பெட்டிகளோடுதான் வந்தது, ஒரு சக்கரம் உடைந்து வந்தது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்து, ஒன்பதாவது நாள் புகார் எழுதினேன். பன்னாட்டுப் பயணங்களைக் கட்டுப்படுத்தும் 1999 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பொருளுக்கான புகாரை, அந்தப் பொருளைப் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள் எழுத்து வடிவில் தர வேண்டும் என்று பதில் வந்தது. பதில் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது.

குழந்தைகளுக்கான சிறப்புச் சேவைகளைப் பெரிதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் உண்டு. எதிஹாட் 2013 இல் பறக்கும் தாதியர் என்று பணியாளர்களில் சிலருக்குப் பயிற்சி அளித்து அறிமுகம் செய்தது. அது நல்ல எண்ணம்தான், ஆனால் நூற்றுக்கணக்கானோர் செல்லும் விமானத்தில் நம் குழந்தைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யோசித்தால், அதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றாது. வண்ணப் பென்சில் பொட்டலத்தின் ஆயுள் 20 நிமிடம். குழந்தை உணவைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் போதும், பெரும்பாலும் எல்லோருக்கும் முன்பாகக் கொண்டுவந்து விடுவார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் இருக்கை வரைபடத்தில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உட்காரும் இடத்தைச் சிறு படமாகக் காட்டுகிறது. மற்றவர்கள் நம்மைத் தவிர்ப்பதற்காகச் செய்தது இது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கென்னவோ அது இரு தரப்புக்கும் நன்மை என்றே படுகிறது, தூங்க விரும்புபவர் விலகி உட்கார்ந்துவிட்டால் நமக்கு ஒரு முறைப்பு குறைவு. ஸ்கூட் நிறுவனம் 12 வயதுக்குட்பட்டோரை அனுமதிக்காத அமைதிப் பகுதியை வைத்திருப்பதையும் நான் இந்தக் காரணத்தாலேயே வரவேற்கிறேன்.

பயணத்தின் நடுவே இரண்டாவது பிறந்தநாள் வருமானால், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். போகும்போது மடியில் போன குழந்தைக்குத் திரும்பும்போது கட்டாயம் தனி இருக்கை வேண்டும். திரும்பும் வழிக்கு மட்டும் குழந்தைக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு, இரு வழிக்குமே கேட்கும் நிறுவனங்களும் உண்டு. இதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் திரும்பும் நாளன்று விமானம் நிறைந்திருந்தால் காசு கொடுத்தாலும் இருக்கை கிடைக்காது.

இரண்டாவது பயணத்துக்கு மகளுக்கு 2 வயது 3 மாதம். அப்போது நான் விருதுப் பட்டியலைத் திறக்கவே இல்லை. அவள் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு புறப்படும் விமானங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் 3-3-3 அமைப்பு உள்ளவற்றைப் பிரித்து, மிஞ்சியவற்றில் இடைநிறுத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாததைத் தேர்ந்தெடுத்தேன். அதிகம் பேசப்படாத ஒரு நிறுவனம்தான் மிஞ்சியது. திரை சிறியது, அதிலும் என் பக்கத்துத் திரை வேலை செய்யவில்லை. கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, தலை என் மடியிலும் கால்கள் என் கணவர் மடியிலுமாக, இடுப்பில் பெல்ட்டோடு அவள் ஐந்தரை மணி நேரம் தூங்கினாள். விளக்கு மூன்று முறை எரிந்தது, யாரும் அவளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயது, 14 கிலோ, 95 சென்டிமீட்டர். கேர்ஸ் பட்டையின் 100 சென்டிமீட்டர் வரம்பைத் தொட இன்னும் சில மாதங்களே இருப்பதால், அடுத்த பயணம்தான் அதற்குக் கடைசிப் பயணம். அதை அனுமதிப்பீர்களா, எந்த இருக்கைகளில் என்று இரண்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தேன். ஒன்று மறுநாளே வரிசை எண்களோடு பதில் அனுப்பியது. மற்றொன்று, என் கேள்வி தங்களுக்கு முக்கியமானது என்ற தானியங்கிப் பதிலை அனுப்பி 11 நாட்கள் ஆகின்றன. இரண்டாவதில் புறப்படும் நேரம் நன்றாக இருக்கிறது, கட்டணமும் சற்றுக் குறைவு. இந்த வார இறுதிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலாவதிலேயே எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.